எட்டா ஆறாடா, பேராண்டி?

பதினாலு பேருதான்னு சொல்லுதா உன் கறுப்புத் திரை? சரி, இருக்கட்டும். இதே திண்ணையில குந்திக்கிட்டு நான் விரல் விட்டு எண்ணினேன், எனக்கு 23 வருது. எனக்கோ வயசு 79. ஒரு கண்ணுல புரை எடுத்தாச்சு, இன்னொண்ணுல எடுக்கல. நீயோ இன்ஜினியரிங் மூணாவது வருஷம். தப்பு என் பக்கந்தான் இருக்கும். உங்க அத்தை பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை வெக்க மேலூர், ஸ்ரீரங்கம், திருவானைக்கா மூணையும் கூட்டினா ஸ்ரீன்னு பேரு ஆரம்பிக்கிறவங்க 14 பேருதான்னு வெச்சுக்குவோம். காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல கெடக்கிற இந்தத் தீவுல கல்லெடுத்து எறிஞ்சா ஒரு ஸ்ரீநிவாசன் மேல படும். அவன் "எவன்டா அது?"ன்னு கத்தினா ரெண்டு ஸ்ரீதரன் எட்டிப் பாப்பான். இருந்தாலும் 14தான். கம்ப்யூட்டரே சொல்லிடுச்சே.

அதுக்கு அப்புறமா வருவோம். மொதல்ல இந்த ஆறு நாளா உன் முதுகுக்குப் பின்னாடி உக்காந்து நான் பாத்த கூத்தைச் சொல்றேன், கேளு.

லீவுக்கு வந்த அன்னைக்கே என்னடா சொன்னே? "தாத்தா, பிரவுசர்ல தேடுறவன்லாம் பாமரன், விவரம் தெரிஞ்சவன் டெர்மினல்ங்கிற இந்தக் கறுப்புத் திரையில தேடுவான்"னே. நான் மறுக்கல. பெருமாளைப் பாக்கப் போறவன் ஏழு பிராகாரம் தாண்டணும். உத்திர வீதி, சித்திர வீதின்னு ஒவ்வொரு சுத்துலயும் ஒருத்தன் பூ வாங்குங்கிறான், ஒருத்தன் செருப்பை இங்க விடுங்கிறான், ஒருத்தன் ஸ்பெஷல் தரிசனம் வேணுமாங்கிறான். உன் பிரவுசர் தேடலும் அப்படித்தான். விளம்பரம் ஒரு சுத்து, வீடியோ ஒரு சுத்து, "குக்கீ சம்மதமா?"ன்னு ஒரு சுத்து. அதெல்லாம் வேணாம், பக்கவாட்டு வாசல்ல நுழைஞ்சு நேரா கருவறை முன்னாடி நிக்கிறேன்ங்கிறே. நல்ல ஆசைதான். ஆனா அந்தப் பக்கவாட்டு வாசல் யாரோடது, சாவி யாருகிட்ட இருக்குன்னு விசாரிச்சியா?

நீ வெச்சிருக்கிற ஆளுங்களை ஒவ்வொருத்தனா நிறுத்திப் பாப்போம்.

மூத்தவன் சர்ஃப்ரா. 2000 வாக்குல ஜூலியன் அசாஞ்ச் ஆரம்பிச்சதுன்னியே, பின்னாடி விக்கிலீக்ஸ்ல உலகத்தையே கலக்கினாரே, அதே ஆசாமி. இவனுக்குக் கீழே எல்வின்னு குட்டி ஏவலாளுங்க, கடைக்கு ஒருத்தன். விக்கிபீடியாவுக்கு ஒரு ஆள், அகராதிக்கு ஒரு ஆள். நீ கேட்டதை வாங்கி, கவர்ல விலாசம் எழுதி, பிரவுசர் கையில கொடுத்துட்டு அவன் போயிடுவான். பதிலை அவன் கண்ணால பாக்கிறதே கிடையாது. இவனை நான் குறை சொல்ல மாட்டேன். அச்சாபீஸ் பியூன் மாதிரி. தபாலைப் பிரிக்க மாட்டான், கொண்டுபோய்ச் சேத்துடுவான். விலாசம் மாறிப்போச்சுன்னா மட்டும் பாவம், பூட்டின வீட்டு வாசல்ல நிப்பான்.

அடுத்தது லிங்க்ஸும் டபிள்யூ3எம்மும். இது ரெண்டும் தேடுற ஆளே இல்லடா, படிக்கிற ஆளு. லிங்க்ஸ் 1992ல கேன்சஸ் பல்கலைக்கழகத்துல பொறந்தது. உனக்கு முன்னாடியே பொறந்து இன்னும் ஓடுது, என்னை மாதிரி. டபிள்யூ3எம் 1995ல ஒரு ஜப்பான்காரர் செஞ்சது. அந்தப் பேருக்கே அவங்க பாஷையில "வலையைப் பாக்கிறது"ன்னு அர்த்தமாம், நீதான் சொன்னே. பட்டியல், கட்டம் எல்லாம் இது ஒழுங்கா வரைஞ்சு காட்டுது. ரயில் டைம்டேபிள் மாதிரி எதையாவது பாக்கணும்னா லிங்க்ஸைவிட இதுதான் எனக்குத் தேவலை. படம் இல்லை, பாட்டு இல்லை, வெறும் எழுத்து. முப்பது வருஷம் எழுத்தோடவே குப்பை கொட்டினவனுக்கு வேற என்ன வேணும்?

இப்ப உன் செல்லப்பிள்ளை கூகுளருக்கு வருவோம். அருண் பிரகாஷ் ஜனா பராமரிச்சது. கூகுளுக்கும் இதுக்கும் ஒட்டு இல்லை, உறவு இல்லை, பேரு மட்டும் சம்பந்தி வீட்டுப் பேரு. கேள்வியைக் கொடுத்தா கூகுள் கடைக்குப் போயி, முன்னாடி மாட்டியிருக்கிற விலைப்பலகையைப் படிச்சு, விளம்பரத்தை உதறிட்டு, ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண் போட்டுக் கொடுக்கும். அந்த எண்ணை அடிச்சா பக்கம் தொறக்கும். எத்தனை வேணும்னு சொல்லலாம், இந்தத் தளத்துல மட்டும் தேடுன்னு சொல்லலாம். கெட்டிக்கார ஆளுதான். ஆனா ஒண்ணைக் கவனி. கடைக்காரன் இவனை வேலைக்கு வெக்கல. பலகையில எது எங்க இருக்குன்னு இவன் பாட்டுக்கு மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கான். கடைக்காரன் ராத்திரியோட ராத்திரி பலகையை மாத்தி மாட்டினான்னா, விடிஞ்சதும் இவனுக்கு வாழைக்காய் விலையும் தெரியாது, வாழைப்பழ விலையும் தெரியாது. மாத்தி மாத்தி மாட்டினான், இவனும் கூடக்கூட ஓடினான், கடைசியில கையை விரிச்சுட்டான். இப்ப பரண்ல ஏத்தி வெச்சாச்சு, யாரும் பராமரிக்கல. அதோட 2025 ஜனவரியில கூகுளே ஜாவாஸ்கிரிப்ட் இல்லாதவனுக்குத் தேடல் கிடையாதுன்னு கதவைச் சாத்திட்டான். லிங்க்ஸ் மாதிரி வெறும் எழுத்து படிக்கிறவனெல்லாம் வெளியே நிக்கிறான். நம்ம ஊர் சொர்க்கவாசலாவது வைகுண்ட ஏகாதசிக்குத் தொறக்கும்.

நீ அதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே. நம்ம ராஜகோபுரம் நானூறு வருஷத்துக்கு மேல மொட்டைக் கோபுரமாத்தான் நின்னுச்சு. அச்சுத தேவராயர் காலத்துல ஆரம்பிச்சது. அகோபில மடத்து நாற்பத்து நாலாவது ஜீயர் கையில எடுத்து, 13 நிலையா 236 அடிக்கு உசத்தி 1987ல முடிச்சு வெச்சார். உன் கூகுளரையும் யாராவது ஒருத்தர் எடுத்துக் கட்டலாம். நீ வேணா காத்துக்கிட்டு இரு.

கூகுளரைப் பராமரிச்ச அதே ஜனா செஞ்ச தம்பிதான் டிடிஜிஆர். இது போற கடை டக்டக்கோ, 2008ல தொறந்த கடை. யாரு வந்தா, என்ன கேட்டான்னு குறிச்சு வெக்கிறதில்லைங்கிறான். அதைவிட முக்கியம், வெறும் எழுத்துக்காரனுக்குன்னு ஒரு பின்வாசலைத் தொறந்தே வெச்சிருக்கான். அதனாலதான் தம்பி இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. நேத்து ராஜகோபுரம் எந்த வருஷம் முடிஞ்சுதுன்னு இங்கிலீஷ்ல கேட்டியே, பத்து பதில் வந்துச்சு. எண், தலைப்பு, விலாசம், கீழே ரெண்டு வரி விவரம். மூணாவதுலயே 1987 கண்ணுல பட்டுது, பக்கத்தைத் தொறக்கவே வேண்டியிருக்கல. எனக்குப் பிடிச்சுது, ஒத்துக்கிறேன்.

ஆனா இதுலயும் ரெண்டு உள்குத்து. மொதல்ல, ஊரைச் சொல்லலேன்னா நீ அமெரிக்காவுல உக்காந்திருக்கேன்னு நினைச்சுக்கும். நீ "கோயில் பக்கத்துல நல்ல மெஸ்"ஸுன்னு கேட்டுட்டு, வந்த பதிலைப் பாத்துத் திருதிருன்னு முழிச்சியே, அதான் காரணம். இந்தியான்னு ஒரு வார்த்தை கூடப் போட்டிருந்தா சோறாவது கிடைச்சிருக்கும். ரெண்டாவது, அந்த டக்டக்கோக்காரனுக்குச் சொந்த வயல் ரொம்பக் கம்மி. பெரும்பாலும் மைக்ரோசாஃப்டோட பிங்லேர்ந்து வாங்கி விக்கிறான். 2024 மே 23ல பிங் படுத்துச்சு பாரு, இவன் கடையிலயும் ஈ ஓடுச்சு. காந்தி மார்க்கெட்டுல நாலு கடைக்காரன் நாலு பேரு சொல்லி விப்பான். லாரி வந்தது ஒரே தோப்புலேர்ந்து. "தாத்தா, நான் கூகுளை விட்டு சுதந்திரமா இருக்கேன்"னியே, அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு வெத்தலையை மென்னேன்.

அதுல ஆச்சரியக்குறி வித்தை ஒண்ணு வெச்சிருக்கான், அது நல்ல வித்தை. ஆச்சரியக்குறி போட்டுப் பக்கத்துல டபிள்யூ எழுத்தை அடிச்சா நேரா விக்கிபீடியாவுக்குக் கூட்டிட்டுப் போவான். நீ அதை அப்படியே அடிச்சு, டெர்மினல் உன்னைத் திட்டி, அரை மணி நேரம் இன்டர்நெட்டையும் ஏர்டெல்லையும் ஜியோவையும் வைஞ்சே. அந்த ஆச்சரியக்குறிக்கு, உன் கட்டளையை மொதல்ல வாங்கிப் படிக்கிற ஷெல்லே தனியா ஒரு அர்த்தம் வெச்சிருக்குடா. பழைய கட்டளையைத் தோண்டி எடுக்கிற குறி அது. முன்னாடி ஒரு சாய்கோடு போட்டிருந்தா வேலை முடிஞ்சுது. எனக்கு எப்படித் தெரியும்ங்கிறியா? நீ தூங்கினப்புறம் உன் மேனுவலைப் பூதக்கண்ணாடி வெச்சுப் படிச்சேன். நான் படிச்சது தப்புன்னா மன்னிச்சுக்க, நீ படிக்காம இருந்ததால ஒரு பிரதி சும்மா கெடந்துச்சு.

கர்லைப் பத்தி அதிகம் சொல்ல மாட்டேன். அது தேடாது, கொண்டா பிடின்னா கொண்டாந்து போடும். ஸ்வீடன்ல டேனியல் ஸ்டென்பெர்க்குன்னு ஒருத்தர், அரட்டை அறைக்காரங்களுக்கு ஊருக்கு ஊர் பணமாத்து விலை சொல்றதுக்காக ஆரம்பிச்ச வேலை, இன்னைக்கு கார் வரைக்கும் உள்ளே போயி உக்காந்திருக்கு. அதை வெச்சு டபிள்யூடிடிஆர்னு ஒரு தளத்துல டிஆர்இஸட்னு நம்ம ஏர்போர்ட்டு குறியீட்டைக் கொடுத்து வானிலை காட்டினியே, மேகமெல்லாம் கோடும் புள்ளியுமா வரைஞ்சுருந்துச்சே, அதுதான் நீ இந்த ஆறு நாள்ல செஞ்சதுலேயே உருப்படியான வேலை. வாழைக்கு முட்டு கொடுக்கலாமா வேணாமான்னு அதைப் பாத்துதான் முடிவு பண்ணினேன். வெளியே சொல்லிடாதே.

சரி, இனிமேதான் என் தொழில்.

நான் பெரிய கடை வீதிப் பக்கம் ஒரு அச்சாபீஸ்ல கம்போசிட்டரா இருந்தவன். ஈய எழுத்தைக் கேஸ்லேர்ந்து ஒண்ணொண்ணா பொறுக்கி ஸ்டிக்குல அடுக்குற வேலை. எழுத்தைக் கண்ணால பாக்கிறதில்லை, விரல்ல தடவிப் பாக்கிறது. அதுவும் தலைகீழா, கண்ணாடியில பாத்த மாதிரி. நேத்து நீ திரையில கொள்ளிடம்னு அடிச்சே. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவுல புள்ளி வட்டம் ஒண்ணு, க தனியா அநாதையா நின்னுச்சு. இப்படி நான் ப்ரூஃப் அடிச்சிருந்தா மொதலாளி அச்சுத் தட்டோட தூக்கிக் கொள்ளிடத்துலயே போட்டிருப்பார்.

அது ஏன் அப்படி ஆச்சுன்னு யோசிச்சேன். எங்க கேஸ்ல கொ-ன்னு கோக்கணும்னா மொதல்ல கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். கண்ணு பாக்கிற வரிசை. உன் யூனிகோடு, வாய் சொல்ற வரிசை. மொதல்ல க, பின்னாடி ஒ. அதைக் கண்ணுக்குத் தக்கபடி முன்னாடியும் பின்னாடியும் பிரிச்சு மாட்டுறது எழுத்துருவோட வேலை. உன் டெர்மினல் ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம்னு சோப்பு டப்பா மாதிரி அடுக்கிக்கிட்டே போகுது. இங்கிலீஷ்காரனுக்குத் தைச்ச சட்டை, நம்ம கொம்புக்கும் சுழிக்கும் கை நுழையல. எல்லா டெர்மினலும் இப்படியில்லைன்னு நீ சொல்றே, சரி. உன்கிட்ட இருக்கிறது இப்படித்தான் இருக்கு.

அப்புறம் ஸ்ரீரங்கம்னு தமிழ்ல அடிச்சு தேடினே. மேலே விலாசம் நீளமா ஓடுச்சு பாரு, ஒரே சதவீதக் குறியும் எண்ணுமா. "இது என்னடா ரேஷன் கடைக் கணக்கா?"ன்னு கேட்டேன், நீ சிரிச்சே. நான் உக்காந்து எண்ணினேன். ஸ, புள்ளி, ர, ஈகாரச் சுழி, ர, ங, புள்ளி, க, ம, புள்ளி. யூனிகோடு கணக்குல பத்து. ஒவ்வொண்ணுக்கும் மூணு பைட், ஒவ்வொரு பைட்டும் விலாசத்துல மூணு குறியா விரியுது. பத்து மூணு முப்பது, முப்பது மூணு தொண்ணூறு. நம்ம ஊருக்கு ஒண்ணாம் நம்பர் பஸ்ல டிக்கெட் எடுத்தா ஒரு சாண் காகிதம். உன் கம்பியில போறதுன்னா 90 குறி.

உங்க அத்தை போன்லேர்ந்து அனுப்பின செய்தியில ஸ்ரீரங்கம்னு இருந்துச்சுல்ல, அதை எடுத்து ஒட்டி இன்னொரு தரம் தேடச் சொன்னேன். "ரெண்டும் ஒண்ணுதானே தாத்தா"ன்னு சலிச்சுக்கிட்டே. ஒட்டினே. விலாசம் ரெண்டையும் மேலயும் கீழயும் வெச்சு நான் ப்ரூஃப் பாக்கிற மாதிரி பூதக்கண்ணாடியை நகத்தினேன். 90 குறியில 89 ஒண்ணு போல. ஒன்பதாவது குறியில மட்டும் மேலே 8, கீழே 6.

எட்டா ஆறாடா, பேராண்டி?

உனக்குத் தெரியல. அதனால சொல்றேன். இதோ ஸ்ரீ, இதோ ஶ்ரீ. வித்தியாசம் ஏதாவது தெரியுதா? எனக்குமே தெரியல, முப்பது வருஷம் எழுத்து கோத்தவன் நான். எங்க கேஸ்ல ஸ்ரீக்கு ஒரே அச்சு, ஒரே குழி. வைகாசி மாசம் கல்யாணப் பத்திரிகை குமியறப்ப ஸ்ரீ தீந்துபோயிடும். மாப்பிள்ளை வீட்டு ஸ்ரீ காலியாகிற வரைக்கும் பொண்ணு வீட்டு ஸ்ரீயைக் கோக்க முடியாது. அடிச்சு முடிச்ச பாரத்தைப் பிரிச்சு, ஸ்ரீயை மட்டும் பொறுக்கி, மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, அடுத்த பத்திரிகைக்கு மாட்டுவோம். பதிலுக்குத் "திரு" போட்டுக்கங்கன்னு ஒருத்தர்கிட்ட சொல்லிட்டு நான் வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக்கதை. ஒரே ஒரு ஸ்ரீயை வெச்சுக்கிட்டு ஊரையே சமாளிச்சோம்.

கம்ப்யூட்டர்ல ஸ்ரீ ரெண்டாயிடுச்சு. மொதல்ல தமிழுக்குத் தாலவ்ய ஶ-ன்னு தனி எழுத்து யூனிகோடுல இல்லை. அதனால ஸ-வை வெச்சு ஸ்ரீ கட்டினாங்க. அதுதான் எட்டு. 2005ல யூனிகோடு 4.1 வந்தப்ப ஶ-வையும் உள்ளே சேத்து, இனிமே ஸ்ரீயை இதை வெச்சுக் கட்டுறதுதான் சரின்னாங்க. அதுதான் ஆறு. ஆனா பழைய கீபோர்டு பழையபடியே கட்டுது, புதுசு புதுசா கட்டுது, படம் வரையிற எழுத்துரு ரெண்டுக்கும் ஒரே உருவத்தைப் போட்டு மறைச்சிடுது. ரெட்டைப் புள்ளைங்க மாதிரி. பெத்தவளுக்குக்கூட அடையாளம் தெரியாது, ஆனா ஆதார் நம்பர் வேற வேற. இந்த ஊர்லயே வளந்த சுஜாதா இருந்திருந்தா இதை வெச்சு ஒரு கதையே எழுதியிருப்பார். நம்ம ஊருக்குப் போயும் போயும் பேர்லயே முதல் எழுத்துல சிக்கல்.

பெரிய தேடல் கடைக்காரன் ரெண்டையும் ஒண்ணாச் சேத்துப் பாக்கிறதும் பாக்காததும் அவன் இஷ்டம். உன் சர்ஃப்ராவோ டிடிஜிஆரோ அதுல தலையிடாது, கொடுத்த 8ஐயோ 6ஐயோ அப்படியே கொண்டுபோய்ச் சேக்கும். ஆனா உன் வீட்டுக்குள்ளயே, ஃபைலுக்குள்ள எழுத்தைத் தேடுற ஒருத்தன் இருக்கானே, கிரெப்பு, எழுபதுகள்ல கென் தாம்சன் செஞ்சது, அவன் ராமன்னா ராமன், ராமர்னு சொன்னா திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். எட்டுன்னு கேட்டா எட்டை மட்டுந்தான் கொடுப்பான். ஆறு பக்கத்துல உக்காந்து கையை ஆட்டினாலும் "நீ யாரு?"ம்பான்.

இப்ப அந்தப் பட்டியலுக்கு வா. கல்யாணப் பட்டியல்ல பாதி உங்க சித்தப்பா லேப்டாப்புல அடிச்சது. மீதி உங்க அத்தை போன்ல அடிச்சு அனுப்பினது. நீ ரெண்டையும் ஒரே ஃபைலா ஒட்டினே. உன் லேப்டாப்புல ஸ்ரீன்னு அடிச்சு கிரெப்புகிட்ட கேட்டே. அவன் 14னான். நீ நம்பினே, 14 கவரை எடுத்து ஸ்ரீ கட்டுன்னு கட்டி வெச்சே. ஆறாம் நம்பர் ஸ்ரீயை வெச்சு இன்னொரு தரம் கேளு, பாக்கலாம்.

எத்தனை? ஒம்பதா? கூட்டிப் பாரு. அடடே, 23 வருதே! இந்தக் கிழவன் விரல்லயும் ஏதோ கருவி இருக்கும் போல.

அந்த ஒம்பது பேருக்கும் பத்திரிகை போகாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சுப் பாத்தியா? உங்க அத்தையோட மாமியார் பக்கம் மட்டும் அதுல நாலு பேரு. கல்யாணத்துக்கு வர மாட்டாங்க, அது பரவாயில்லை. ஆனா அடுத்த இருபது வருஷம் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் அதைச் சொல்லிக் காட்டுவாங்க, அதுக்கு எந்த அப்டேட்டும் கிடையாது. "6 விட்டுப்போச்சு அத்தை, 8ல தேடிட்டேன்"னு போயி விளக்கு. புரிஞ்சுக்குவாங்க.

ரெண்டையும் ஒண்ணாக்கிட்டு அப்புறம் தேடலாம்னு சொல்றே. நல்ல யோசனை. பட்டியல்ல இருக்கிற எட்டை எல்லாம் ஆறாக்கு, இல்லே ஆறை எட்டாக்கு, எதுவானாலும் எனக்குச் சம்மதம். ஒரு வரிக் கட்டளையாமே, போடு. போட்டாச்சா? 23ஆ? கவரை எடுத்து வை. பேனாவைக் கொடு, விலாசத்தை நான் எழுதுறேன். உன் கையெழுத்துல போனா தபால்காரர் திரும்பக் கொண்டாந்துடுவார்.

இரு, இரு, அதுக்குள்ள மூடாதே. உள்ளேருந்து உங்க அப்பாயி குரல் கேக்குது பாரு. தொட்டியத்துல இருக்கிற அவ அக்கா பேரை ஸ்ரீ கட்டுல வெச்சியா, ச கட்டுல வெச்சியான்னு கேக்குறா. ரேஷன் கார்டுல சீரங்காயி. உங்க அத்தை மரியாதைக்கு ஸ்ரீரங்காயின்னு எழுதியிருப்பாளோ என்னவோ. பட்டியல்ல எப்படி இருக்குன்னு எனக்கும் தெரியல, என் பூதக்கண்ணாடியும் உள்ளே இருக்கு. எட்டும் இல்லாம ஆறும் இல்லாம மூணாவதா ஒண்ணு கெளம்பியிருக்கு. நீயே எந்திரிச்சுப் போயி அவகிட்ட சொல்லு, கிரெப்பு என்ன சொல்லுச்சுன்னு.